இடியப்ப உரலும் 50,000 தொன் பொறியும்

இந்நாட்டுத் தொழிற்பேட்டைகளில் வேலை செய்யும் எம்மவர்களுட் பலர் அலுமினியத்தோடு தமது நாட்களைக் கழிக்கின்றனர். யன்னற் சட்டங்களை அளந்து அறுப்போர், கதவு நிலைகளுக்குத் துளையிடுவோர், மூலைகளைப் பொருத்துவோர் எனப் பல வகையினர். இரவுவேலை முடிந்து வீடு திரும்பும்போது தகப்பனாரின் சப்பாத்துகளில் வெள்ளிநிறத் துகள்கள் ஒட்டியிருப்பதைப் பிள்ளைகள் அறிவர். ஆனால், அந்த நீண்ட சட்டம் அந்த வடிவத்தை எப்படிப் பெற்றது, அதற்கான பொறியை ஆக்கியோர் யாவர் என்று அதே பிள்ளைகள் கேட்டால் விடை சொல்வார் அரியர்.

இயந்திரவியல் எமது துறையன்று. ஊரிலே நாம் வரலாறு கற்பித்தோம். கற்காலம், வெண்கலக்காலம், இரும்புக்காலம் என்று உலோகங்களைக் கொண்டே மனிதகுலத்தின் காலங்களை வகுத்துச் சொன்னோம். பாடநூலின் வரிசை இரும்போடு நின்றுவிட்டது. அதற்கு அப்பாலுள்ள கதையில் எம்மைப் போன்று நாடிழந்தோரின் பங்கு சிறிதன்று என்பதனாலேயே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

முதலிற் செயல்முறையைப் பார்ப்போம். தொழிற்சாலையில் 'எக்ஸ்ருசன்' எனப்படும் இச்செயலுக்கு அறிஞர் பல கலைச்சொற்களை ஆக்கியுள்ளனர். எமது சமையலறையில் அதற்குரிய சொல் நெடுங்காலமாகவே உண்டு: பிழிதல். இடியப்ப உரலில் மாவை இட்டு மேலிருந்து அழுத்தும்போது, அடித்தட்டின் கண் எந்த வடிவமோ அந்த வடிவிலே மா வெளிவருகின்றது. அலுமினியத்தைப் பிழிவதும் அவ்வாறே. 'பில்லெற்' எனப்படும் உருளைக் கட்டியை ஏறத்தாழ 450 முதல் 500 பாகை சென்ரிகிரேட் வரை சூடாக்குவர். தூய அலுமினியம் உருகுவதற்கு 660 பாகை வேண்டும். ஆகவே கட்டி உருகுவதில்லை, இளகி நிற்கின்றது. அதனை வலிய உருக்குக் கொள்கலமொன்றில் இட்டு, பின்னாலிருந்து ஈராயிரம் மூவாயிரம் தொன் விசையோடு தள்ளினால், முன்னாலுள்ள உருக்கு அச்சின் கண் வழியே சட்டம் நீண்டு வெளிப்படும்.

ஆயினும் இடியப்ப உரலாற் செய்யமுடியாத ஒன்றை இப்பொறி செய்கின்றது. நடுவில் வெற்றிடமுள்ள சட்டத்தை எப்படிப் பிழிவது? வெற்றிடத்தை உண்டாக்கும் குமிழை அந்தரத்திற் தொங்கவிட முடியாதல்லவா? எனவே அச்சினுள்ளே சிறு பாலங்களை அமைத்து அவற்றிலே குமிழை நிறுத்துகின்றனர். உலோகம் அப்பாலங்களிற் பட்டு இரண்டு, மூன்று, நான்கு கிளைகளாகப் பிரிகின்றது. பாலத்தைக் கடந்ததும் பேரழுத்தத்தின் கீழ்க் கிளைகள் மீண்டும் சந்திக்கின்றன. அவ்விடத்திற் காற்று இல்லை. ஆகவே துருப்படலமும் இல்லை. உருகாமலே உலோகம் உலோகத்தோடு ஒட்டி ஒன்றாகிவிடுகின்றது. எமது வீட்டு யன்னற் சட்டத்தின் உட்புறம் வெறுமையாக இருப்பதன் இரகசியம் இதுதான்.

இப்பொறியின் பிறப்பிடம் இங்கிலாந்து. பூட்டுச் செய்வதிற் புகழ்பெற்றவரும், 1795ஆம் ஆண்டில் நீரழுத்தப் பொறிக்கு உரிமம் பெற்றவருமான யோசேப் பிறாமா, 1797இல் ஈயக் குழாய்களைப் பிழிந்தெடுக்கும் முறையொன்றுக்கும் உரிமம் பெற்றார். 1820இல் தோமஸ் பேர் என்பவர் நீரழுத்தத்தால் இயங்கும் ஈயக் குழாய்ப் பொறியை அமைத்தார். ஈயம் மென்மையானது, எளிதில் இணங்கும். பித்தளை போன்ற வன்மையான உலோகத்தைச் சுடச்சுடப் பிழிவதற்கு இன்னும் எழுபது ஆண்டுகளுக்கு மேலாயின. 1894இல் இலண்டனில் டெல்ரா மெற்றல் நிறுவனத்தை நடத்திய அலெக்சாண்டர் டிக் அதனைச் சாதித்தார். இன்றைய பொறிகள் யாவும் அவரது பொறியின் வழித்தோன்றல்களே.

அலுமினியமோ அக்காலத்திற் புதுப்பணக்காரர் வீட்டுப் பிள்ளை. 1825இல் கொப்பன்கேகனில் ஏர்ஸ்ரெட் என்னும் அறிஞர் முதன்முதலாக அதைப் பிரித்தெடுத்தார். பின்னர் அறுபது ஆண்டுகளுக்கு அது நகைக்கடை உலோகமாகவே இருந்தது. 1884இல் வாசிங்டன் நினைவுத்தூணின் உச்சியில் வைத்த ஏறத்தாழ 100 அவுன்ஸ் எடையுள்ள அலுமினிய முனை, அதற்கு முன் நியூயோர்க்கின் ரிவனி நகைக்கடையிற் காட்சிக்கு வைக்கப்பட்டது என்றால் அதன் மதிப்பை ஊகித்துக் கொள்ளலாம். 1886இல் அமெரிக்கரான சார்ள்ஸ் மார்ட்டின் ஹோல், பிரெஞ்சுக்காரரான போல் எரூ ஆகிய இருவரும், ஒருவரை ஒருவர் அறியாமல், மின்சாரத்தால் அலுமினியத்தைப் பிரிக்கும் ஒரே வழியைக் கண்டனர். இருவரும் பிறந்தது 1863இல். இருவரும் இறந்தது 1914இல். 1890களில் விலை இறாத்தல் ஒரு டொலருக்குக் கீழே வீழ்ந்தது. ஒரு கிலோ அலுமினியத்துக்கு இன்றும் 13 முதல் 15 அலகு மின்சாரம் செலவாகின்றது. எனவே இத்தொழில் அருவிகளைத் தேடிச் சென்றது. சுவிற்சர்லாந்தின் றைன் அருவிக்கருகில் நொய்கவுசன், அமெரிக்காவின் நயாகரா, நோர்வேயின் கடல்நீரேரிக் கரைகள், கியூபெக்கின் ஆறுகள் என அது பரவியது.

மலிவானாலும் அது மென்மையாகவே இருந்தது. சட்டியும் பானையும் செய்யலாம்; பாரம் சுமக்கச் செய்ய இயலாது. 1906இல் பெர்லினுக்கு அருகே அல்பிரட் வில்ம் என்னும் ஆய்வாளர் செம்பும் மக்னீசியமும் சிறிதளவு கலந்த அலுமினியத்தைச் சூடாக்கி நீரிற் தோய்த்தார். வார இறுதியைக் கழித்துத் திரும்பி வந்து அளந்தபோது, உலோகம் தானாகவே கடினமாகியிருந்தது என்று சொல்லப்படுகின்றது. ஓய்வெடுக்க விட்டால் உறுதி பெறும் உலோகம்! டியூரன் நகர ஆலையொன்று அதனைச் செய்து 'டுரலுமின்' எனப் பெயரிட்டது. செப்பலின் வான்கப்பல்களின் எலும்புக்கூடு அதனாலே ஆனது. இன்று யன்னல்களுக்குப் பயன்படும் கலவை வேறு. மக்னீசியமும் சிலிக்கனும் சேர்ந்தது. ஆனால் முறை வில்மினுடையதே. பிழிந்த சட்டங்களை இழுத்து நிமிர்த்தி, வெட்டி, 175 பாகை அளவிலான சூளையிற் சில மணித்தியாலம் வைத்து முதிர்விக்கின்றனர். முதிராத சட்டம் கையால் வளையும்.

இரண்டாம் உலகப்போர் வந்தது. ஒரு விமானத்தின் எடையிற் பெரும்பகுதி அலுமினியம். 1940 யூலையில் பிரித்தானிய அரசு வீட்டுப் பெண்களிடம் சட்டி பானைகளைக் கேட்டு வாங்கியது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில், சகெனே ஆற்றுப் பகுதியில், 1920களில் எழுந்த ஆர்வைடா என்னும் ஆலை நகரம் நேச நாடுகளின் பெருங்களஞ்சியமாயிற்று. நிறுவனத் தலைவர் ஆர்தர் வைனிங் டேவிஸ் அவர்களது பெயரின் எழுத்துக்களைச் சேர்த்தே அந்நகருக்குப் பெயர் வைத்தனர். ஒன்ராறியோவின் கிங்ஸ்ரனில் 1940இல் திறந்த ஆலையில் தகடும் பிழிந்த சட்டமும் செய்தனர். பெண்களும் அங்கு வேலைக்கு வந்தனர்.

ஆர்வைடாவில் நடந்த ஒன்றை இங்கு குறிப்பிடாமல் விட மனம் ஒப்பவில்லை. 1941 யூலையின் வெம்மையில், உருக்குகலங்களின் அனல் தாங்காதும் கூலி போதாதும் ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலையை நிறுத்தினர். கலங்களில் உலோகம் உறைந்து போயிற்று. போர்த்தளபாட அமைச்சர் சி. டி. ஹவ், இது எதிரிநாட்டு அந்நியர் ஒருவரின் நாசவேலை என்று குற்றஞ்சாட்டினார். படையினர் வந்தனர். பின்னர் நியமிக்கப்பட்ட அரச ஆணைக்குழு விசாரித்தது. நாசவேலை எதுவும் நடக்கவில்லை, வெப்பமும் கூலியும் வேலைநிலைமையுமே காரணம் என்று அது கண்டது. அந்நியன் என்றொருவன் அங்கு இருக்கவேயில்லை. இல்லாத அந்நியன்மீது பழிபோடுவது எவ்வளவு எளிது என்பதை எமது வாசகர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை.

அதே ஆண்டுகளில் உண்மையான அந்நியர் இருவர் என்ன செய்துகொண்டிருந்தனர் என்பதையும் பார்க்க வேண்டும். லுட்விக் லோவி, எர்வின் லோவி என்னும் சகோதரர்கள் பொகீமியாவிற் பிறந்த யூதர்கள். லுட்விக், ஜேர்மனியின் டுசல்டோர்வ் நகரிலிருந்த சுலோமான் நிறுவனத்திற் பெரும் பொறிகளை வடிவமைத்த பொறியியலாளர். உலோகத்தைப் பிழியும் பொறி, உருட்டும் பொறி, நசுக்கி உருவாக்கும் பொறி ஆகியவற்றில் அந்நிறுவனத்துக்கு நிகரானவை சிலவே. இட்லர் ஆட்சிக்கு வந்தபின் அங்கு யூதருக்கு வாழ்வில்லை. 1930களில் லுட்விக் இங்கிலாந்து சென்று தம் பெயரிலேயே ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். போர்க்காலத்தில் அது தென்கரையிலுள்ள போர்ன்மத் நகருக்கு இடம்பெயர்ந்தது. 1942இல் அவர் காலமானார். தம்பி எர்வின் 1940இல் நியூயோர்க்கை அடைந்து 'ஹைட்ரோபிரஸ்' என்னும் நிறுவனத்தை அமைத்தார். ஜேர்மனியிலிருந்து தப்பி வந்த அகதிகளையே 'எதிரிநாட்டு அந்நியர்' எனப் பிரித்தானியா தடுப்பு முகாம்களில் அடைத்து, அவர்களுட் சிலரைக் கப்பலேற்றிக் கனடாவுக்கு அனுப்பியதும் அதே 1940ஆம் ஆண்டிற்றான்.

அவர்கள் எடுத்துச்சென்றது என்ன? ஒரு 15,000 தொன் பொறியைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோக இயலாது. தூண் எவ்வளவு தடிப்பு, நீரழுத்தம் எவ்வளவு, உருக்கு எங்கே வெடிக்கும், எங்கே தாங்கும் என்ற அறிவு தலைக்குள் இருந்தது. எல்லைக் காவலர் அதைச் சோதித்துப் பறிக்க முடியவில்லை.

வீழ்த்தப்பட்ட ஜேர்மன் விமானங்களின் சிதைவுகளை ஆராய்ந்த நேசநாட்டு வல்லுநர், பல துண்டுகளை ஆணியடித்துப் பொருத்த வேண்டிய இடத்திற் பெரிய ஒற்றைத்துண்டு உறுப்புகளைக் கண்டு திகைத்தனர். போர் முடிந்தபின் காரணம் தெரிந்தது. பிற்றர்வெல்ட் என்னும் ஊரில் சுலோமான் கட்டிய 30,000 தொன் பொறி நின்றது. அதைச் சோவியத் படைகள் கழற்றிச் சென்றன. அமெரிக்கருக்குக் கிடைத்தவை 15,000 தொன் பொறிகள் இரண்டு. அந்தக் கவலையில் 1950இல் அமெரிக்க வான்படை ஒரு பெருந்திட்டத்தைத் தொடங்கியது. 1957இல் அது முடிவடைந்தபோது, நசுக்கி உருவாக்கும் பொறிகள் நான்கும் பிழியும் பொறிகள் ஆறுமாகப் பத்துப் பொறிகள் எழுந்திருந்தன. செலவு 27 கோடியே 90 இலட்சம் டொலர். அவற்றுள் மிகப் பெரியவை இரண்டு. ஒவ்வொன்றும் 50,000 தொன். மசாசூசெற்ஸ் மாநிலத்தின் கிறாவ்ரனில் 1955இல் இயங்கத் தொடங்கிய பொறி எர்வின் லோவியின் நிறுவனம் வடித்தது. சுலோமானின் மிகப் பெரிய பொறியையும் அது விஞ்சியது. 1983இல் அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கம் அதனை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. ஜேர்மனி தானே விரட்டிய குடும்பத்தின் கைவேலை அது.

போருக்காகப் பெருகிய அலுமினியம் போரின் பின் வேலையற்று நின்றது. குண்டுவீச்சில் வீடிழந்தோர் பிரித்தானியாவிற் பெருந்தொகையினர். விமான ஆலைகள் வீடு கட்டத் தொடங்கின. 'எயிரோ' எனப்பட்ட அலுமினிய வீடு நான்கு பகுதிகளாகப் பாரவூர்திகளில் வந்து இறங்கும். குசினியும் குளியலறையும் உள்ளேயே இருக்கும். 1945க்கும் 1948க்கும் இடையில் ஏறத்தாழ 54,500 வீடுகள் அவ்வாறு எழுந்தன. பத்துப் பதினைந்து ஆண்டுக்கெனக் கட்டிய இத்தகைய தற்காலிக வீடுகளிற் சிலவற்றில் மக்கள் அரை நூற்றாண்டும் வாழ்ந்தனர். 'தற்காலிகம்' என்னும் சொல்லின் நீளம் எவ்வளவு என்பதை அகதிகள் நன்கறிவர்.

யன்னலும் கதவும் அதன் பின்னரே வந்தன. இங்கேதான் எம்மவரின் வேலை தொடங்குகின்றது.

இத்தொழிலின் உட்பொருளை இப்படிச் சொல்லலாம். அச்சு நெடுக்காகவே வேலை செய்யும். குறுக்காக எதையும் செய்யமாட்டாது. கண்ணாடி அமரும் பள்ளம், இறப்பர் செருகும் வாய், திருகாணி கடித்து ஏறும் குழல் ஆகிய அனைத்தையும் சட்டத்தின் முழு நீளத்துக்கும் அச்சே செய்து தந்துவிடுகின்றது. முன்னர் செதுக்கியும் கடைந்தும் பெற்ற வடிவம் இது. ஆனால் பூட்டுக்குரிய வெட்டு, நீர் வடியும் துளை, மூலைச் சாய்வு எனக் குறுக்கே செய்யவேண்டிய ஒவ்வொன்றும் மனிதர் கைக்கே வருகின்றது. வாளும் துளைபொறியும் செதுக்குபொறியும் அதற்காகவே நிற்கின்றன.

அந்த வேலை எளிதென்று எண்ணுவோர் அதைச் செய்து பார்த்தவரல்லர். அலுமினியம் மென்மையானது, அதனாலேயே தொல்லை தருவது. எண்ணெய் காணாத தோசைக்கல்லில் மா ஒட்டுவது போல், வாளின் பல்லில் அது ஒட்டிப் பிடிக்கும். பின் வெட்டு முகம் கிழியும். ஆகவே கூரான வன்பல் வாளும், வேகமான சுழற்சியும், இடையறாத குளிர்நெய்யும் வேண்டும். மெல்லிய சுவரை இறுக்கிப் பிடித்தால் நசுங்கும். தளரப் பிடித்தால் அதிரும். எட்டு வெட்டுகள் சேர்ந்து ஒரு சட்டகம் ஆகின்றது. 45 பாகையில் அரைப் பாகை பிசகினாலும் மூலை வாய்திறந்து நிற்கும்.

குளிர்நாட்டில் இன்னொரு நுட்பமும் உண்டு. 6 மீற்றர் சட்டம் ஒன்று 30 பாகை சூடேறும்போது ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் நீளும். தை மாதத்தில் வெளிமுற்றத்திலிருந்து கொண்டுவந்த சட்டத்தை உடனே அளந்து அறுத்தால், ஒன்றரை மீற்றர் துண்டு பிறகு ஒரு மில்லிமீற்றர் கூடி நிற்கும். அனுபவமுள்ளவர் சட்டத்தை இரவே உள்ளே எடுத்து வைப்பார். புதிதாய் வந்தவருக்கு அதை யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. பக்கத்தில் நிற்பவர் சொன்னாற்றான் உண்டு. பக்கத்தில் நிற்பவரின் மொழி தெரியாவிட்டால், கெட்ட துண்டுகளே ஆசான்.

1973இன் எண்ணெய் நெருக்கடி வேலையை மேலும் கூட்டியது. அலுமினியம் வெப்பத்தை விரைவிற் கடத்துவது. மாரியில் வீட்டின் உட்புறத்துச் சட்டத்திலேயே பனி பிடிக்கும். எரிபொருள் விலை ஏறியபின் அதைப் பொறுக்க இயலவில்லை. எனவே உட்சட்டம், வெளிச்சட்டம் என இரண்டாகப் பிரித்து, நடுவே வெப்பம் கடத்தாத வன்பிளாத்திக்குப் பட்டியைச் செருகினர். வட அமெரிக்காவிற் பெரிதும் வழங்கிய முறை வேறு. சட்டத்தின் பள்ளத்திலே பிசினை ஊற்றி இறுகவிட்டு, அப்பள்ளத்தின் அடித்தளத்தை மட்டும் வாளால் அறுத்தெடுப்பர். அறுத்தபின் இரு பாதிகளையும் பிடித்து நிற்பது பிசின் ஒன்றே. ஆழம் தவறினாற் பிசின் அறுபடும். குறைந்தால் உலோகப் பாலம் எஞ்சிக் குளிர் கடக்கும்.

இணைப்பதிலும் ஒரு புதுமை நேர்ந்தது. 1991இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜுக்கு அருகிலுள்ள ஒட்டுவேலை ஆய்வுநிலையத்தில், சுழலும் முளையொன்றை மூட்டிலே செலுத்தி, உலோகத்தை உருக்காமற் பிசைந்தே ஒட்டும் முறையைக் கண்டனர். உருகாமல் ஒட்டுதல் என்பதை அச்சின் பாலத்துக்கு அப்பால் முன்னரே பார்த்தோம். இம்முறை முதன்முதல் வணிகத்துக்குப் பயன்பட்டவற்றுள் ஒன்று, 1990களின் நடுப்பகுதியில் ஸ்கண்டிநேவியாவில் மீன்பிடிக் கலங்களின் உறைபெட்டிகளுக்காகப் பிழிந்த அலுமினியப் பலகைகளை இணைத்தது. நோர்வேயின் வடகோடியில் எம்மவர் மீன் வெட்டிக்கொண்டிருந்த ஆண்டுகளும் அவையே.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். இத்தொழிலில் உள்ளோர் தமக்குள் அச்சுக்கும், வாளுக்கும், வெட்டு முகத்துப் பிசிறுக்கும், மூலைப் பூட்டுக்கும் ஏதேதோ பெயர் வழங்குவதை நாம் கேட்டிருக்கின்றோம். சில ஆங்கிலத் திரிபு. சில போர்த்துக்கேயரோடும் இத்தாலியரோடும் பக்கத்தில் நின்று பெற்றவை. சில நல்ல தமிழ். அச்சொற்களையும், எந்த வேலைக்கு எதைச் சொல்கின்றீர்கள் என்பதையும், எந்த ஆண்டு முதல் அவ்வேலையில் உள்ளீர்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதிப் பத்திரிகை முகவரிக்கு அனுப்பி உதவுங்கள். எழுத நேரமில்லாதோர் பிள்ளைகளிடம் சொல்லி எழுதுவிக்கலாம்.